என் கணினியில் மட்டும் ஓடிய நிரல்

இது சற்று நீண்ட பதிவு. ஆய்வுக்காக நிரல் எழுதி, அதைப் பிறர் கையில் கொடுக்க நேரும் ஆய்வு மாணவர்களை மனத்திற்கொண்டு எழுதுகிறேன். நிரல் எழுதாதவர்களும் வாசிக்கலாம். ஓர் ஆய்வு முடிவை எப்போது முடிவு என்று சொல்லத் தகும் என்ற கேள்வியில்தான் இது போய் நிற்கிறது.

பெங்களூரு காக்ஸ் டவுனில், வீலர் சாலைக்கு அருகே ஒரு சிறு தெருவில், மூன்றாம் மாடி அறையொன்றில் ஐந்தாண்டுகளாக வாடகைக்கு இருக்கிறேன். 1978-க்கு முன் அச்சான தமிழ் நூல்களின் பக்கங்களைக் கணினியைக் கொண்டு எழுத்தாக்குவது என் ஆய்வு. அந்த ஆண்டில்தான் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை பிறப்பித்தது. ணா, றா, னா வரிசையில் 9, ணை, லை, ளை, னை என 4, ஆக 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. அதற்கு முந்தைய அச்சில் லை, னை முதலியவற்றின் முன்னே துதிக்கை போன்ற ஒரு வளைவு நிற்கும். இன்றைய எழுத்துருக்களைப் பார்த்துப் பழகிய கணினி அந்த வளைவின் முன் தடுமாறுகிறது.

டெசராக்ட் என்னும் எழுத்துணரி, ஹியூலெட் பேக்கார்டு ஆய்வகத்தில் 1980-களில் பிறந்து, 2005-இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. படங்களைக் கையாள அது லெப்டோனிகா என்னும் நிரல் நூலகத்தைச் சார்ந்திருக்கிறது. இவ்விரண்டின் மேல், பழைய வடிவங்களைத் திருத்தும் ஒரு பகுதியை நான் சி++ மொழியில் எழுதினேன். மாணவர்கள் எளிதாகப் பயன்படுத்தும்பொருட்டு அதற்குப் பைத்தான் மொழியில் ஒரு மேலுறை அமைத்தேன். என் மடிக்கணினியில் அது நன்றாக ஓடியது. ஆய்வேட்டில் அட்டவணைகளும் ஏறின.

2024 ஜனவரியில் ஒரு மாலை, காவிரிப் படுகையிலுள்ள ஒரு கல்லூரியின் தமிழ்ப் பேராசிரியர் அழைத்தார். அவருடைய முதுகலை மாணவர்கள் 14 பேர், தம் கல்லூரி நூலகத்திலுள்ள பழைய இதழ்களை என் நிரலைக் கொண்டு எழுத்தாக்கி, அதிலிருந்து தத்தம் ஆய்வேட்டை எழுதுவதாக ஏற்பாடு. அவர் மே மாதம் பணி ஓய்வு பெறவிருந்தார். எனவே அந்த ஒரு பருவம்தான் இருந்தது.

“நிறுவவே முடியலைங்க தம்பி. ஏதேதோ ஆங்கிலத்தில் வருது.”

“என் கணினியில் நன்றாக ஓடுகிறதே, ஐயா.”

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “சரிங்க. இந்த வாரம் பிள்ளைகளைக் கையாலேயே தட்டச்சு செய்யச் சொல்லிடறேன்” என்றார். குரலில் குறையேதும் இல்லை. குறை சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பைத்தானில் மட்டும் எழுதிய நிரலுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. அது எழுத்தாகவே போய்ச் சேரும். சேர்ந்த இடத்துக் கணினி அதைப் படித்து நடத்தும். சி++ நிரல் அப்படியன்று. அதைத் தொகுத்து, அதாவது கம்பைல் செய்து, இயந்திர மொழியாக மாற்றியே அனுப்ப வேண்டும். அவ்வாறு மாற்றும்போது, எந்தக் கணினியில் மாற்றுகிறோமோ அந்தக் கணினியின் அடையாளங்கள் அதில் ஒட்டிக்கொள்கின்றன. எழுதியவனுக்கு அது தெரிவதில்லை.

முதலில் நான் செய்தது பலரும் செய்யும் தவறு. மூல நிரலை அனுப்பி, “அங்கேயே தொகுத்துக்கொள்ளுங்கள்” என்றேன். அதற்குத் தொகுப்பி வேண்டும், லெப்டோனிகாவின் தலைப்புக் கோப்புகள் வேண்டும், கணினியின் நிர்வாகக் கடவுச்சொல் வேண்டும். அவர்களிடம் இவற்றில் எதுவும் இல்லை. தமிழ் இலக்கியம் பயிலும் மாணவர் ஒருவர் பழைய இதழைப் படிப்பதற்கு முன்னால் கணினிப் பொறியாளராக வேண்டும் என்று கேட்பது என்ன நியாயம்?

அடுத்து, அவர்களிடமிருந்த பைத்தான் 3.8 பதிப்பையே என் கணினியிலும் நிறுவி, நானே தொகுத்து, வீல் என்னும் வடிவில் ஒரு பொதியாக அனுப்பினேன். வீல் என்பது அடிப்படையில் ஒரு சுருக்கக் கோப்பு. பிரித்து வைத்தால் போதும், நிறுவல் முடிந்தது. பொதி நிறுவப்பட்டது. ஓட்டியபோது டெசராக்ட் நூலகத்தின் 5-ஆம் பதிப்பைக் காணவில்லை என்றது. என் கணினியிலிருந்து அந்தக் கோப்பை எடுத்து அனுப்பினேன். இப்போது வேறொரு வரி வந்தது: ஜிலிப்சி 2.34 பதிப்பைக் காணவில்லை.

ஜிலிப்சி என்பது லினக்ஸ் கணினிகளின் அடித்தள நூலகம். கோப்பைத் திறப்பது, நினைவகம் கேட்பது எனப் பெரும்பாலான நிரல்கள் எதற்கும் அதனிடமே போகும். அதிலுள்ள ஒவ்வொரு செயற்கூறுக்கும் அது எந்தப் பதிப்பில் வந்தது என்ற முத்திரை உண்டு. என் கணினியில் உபுண்டு 22.04 இருந்தது, அதன் ஜிலிப்சி 2.35. கல்லூரியில் உபுண்டு 20.04, அங்கே 2.31. 2021-இல் வந்த 2.34 பதிப்பில், இழைகளைக் கையாளும் தனி நூலகத்தை அடித்தள நூலகத்தோடு இணைத்துவிட்டார்கள். அதனால் இழை தொடங்கும் பழைய செயற்கூறுகூடப் புதிய முத்திரை பெற்றது. நான் புதிதாக எதையும் பயன்படுத்தவில்லை; ஆனால் புதிய கணினியில் தொகுத்ததால், புதிய முத்திரை உள்ள கணினியில்தான் ஓடுவேன் என்று என் நிரல் அடம்பிடித்தது.

இங்கே ஒரு விதி உண்டு. பழைய ஜிலிப்சியில் தொகுத்தது புதியதில் ஓடும். புதியதில் தொகுத்தது பழையதில் ஓடும் என்ற உறுதி இல்லை. ஆகவே பலருக்கும் போய்ச்சேர வேண்டிய பொதியை நம்மிடமுள்ள புதிய கணினியில் கட்டக் கூடாது. பெறுபவர்களில் மிகப் பழைய கணினி எதுவோ அதற்கு ஒத்த இடத்தில் கட்ட வேண்டும். பெங்களூரில் இருப்பவனுக்கு இது எளிதில் உறைப்பதில்லை. என் தெருவில் குடியிருப்போரில் பாதிப்பேர் மென்பொருள் நிறுவனங்களுக்குப் போகிறவர்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர்கள் தோளில் புது மடிக்கணினி தொங்கும். பழைய கணினி என்ற ஒன்று உலகத்தில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதே இங்கே கண்ணில் படாது.

இதற்காகப் பழைய கணினியைத் தேடி வாங்க வேண்டியதில்லை. கொள்கலன் என்னும் ஏற்பாடு அதற்குத்தான் உதவுகிறது. 2013-இல் வெளிவந்த டாக்கர் இதைப் பரவலாக்கியது. கணினியின் கெர்னல் நம்முடையதாகவே இருக்கும். அதற்கு மேலுள்ள நூலகங்கள், கருவிகள், கோப்பு அடுக்குகள் எல்லாம் வேறோர் அமைப்பினுடையவையாக இருக்கும். பைத்தான் சமூகத்தார் இதையே ஒரு மரபாக்கிக்கொண்டார்கள். 2016-இல் பெப் 513 என்னும் ஆவணம் மெனிலினக்ஸ் 1 என்ற வரையறையைத் தந்தது. அது சென்ட்ஓஎஸ் 5 அமைப்பையும் ஜிலிப்சி 2.5-ஐயும் அடிப்படையாகக் கொண்டது. பின்னர் வந்த மெனிலினக்ஸ் 2014 என்னும் வரையறைக்கு அடிப்படை சென்ட்ஓஎஸ் 7, ஜிலிப்சி 2.17. அது 2012 டிசம்பரில் வெளியான பதிப்பு. அதற்குரிய கொள்கலனைப் பைத்தான் பொதியாக்கக் குழுவினரே ஆக்கி வழங்குகிறார்கள். அமைப்பு பழையது என்றாலும் அதற்குள் வைத்திருக்கும் தொகுப்பி புதியது. ஆகவே இன்றைய சி++ நிரலையும் அன்றைய அடித்தளத்தின் மேல் தொகுக்க முடிகிறது.

அந்தக் கொள்கலனுக்குள் பட நூலகங்கள், லெப்டோனிகா, டெசராக்ட், கடைசியாக என் பகுதி என்ற வரிசையில் ஒவ்வொன்றாக மூலத்திலிருந்து தொகுத்தேன். இரண்டு இரவுகள் ஆயின. முதல் இரவு தெருவில் மின்சாரம் போனது. மடிக்கணினியின் மின்கலமும் தீர்ந்தது. மறுபடி தொடங்கியபோது எல்லாம் முதலிலிருந்து போகும் என்று அஞ்சினேன். அப்படிப் போகவில்லை. டாக்கர் முடிந்த படிகளை அடுக்குகளாகச் சேமித்து வைக்கிறது; நின்ற படியிலிருந்து தொடர்ந்தது.

எல்லாவற்றையும் தொகுத்த பின் ஆடிட்வீல் என்னும் கருவி வருகிறது. பொதியிலுள்ள ஒவ்வொரு இயந்திரக் கோப்பும் எந்தெந்த வெளி நூலகங்களை நாடுகிறது என்று அது தணிக்கை செய்கிறது. போகுமிடத்தில் கிடைக்காதவற்றைப் பொதிக்குள்ளேயே நகலெடுத்து வைக்கிறது. அந்த ஊர்க் கணினியில் அதே பெயரில் வேறு பதிப்பு இருந்தால் குழப்பம் வரக் கூடாது என்பதற்காக, நகலின் பெயரோடு ஒரு தனி அடையாளத்தைச் சேர்க்கிறது. பின்னர் நிரலுக்குள் தேடும் வழியையும் திருத்தி, “வெளியே போகாதே, இங்கேயே இருக்கிறது” என்று எழுதிவிடுகிறது. ஆனால் ஜிலிப்சியை மட்டும் அது எடுத்து வைப்பதில்லை. அந்த நூலகம் அந்தந்தக் கணினியின் நிரலேற்றியோடு பிணைந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போனால் போன இடத்தில் இரண்டும் ஒவ்வாமல் நிரல் விழுந்துவிடும்.

இந்த வேறுபாட்டை நான் சரியாக உணர்ந்தது ஊருக்குப் புறப்பட்ட அன்று. பொதியை அனுப்பிவிட்டு இங்கே உட்கார்ந்திருக்க மனமில்லாமல், நேரிலேயே போய்விடலாம் என்று கண்டோன்மெண்ட் நிலையத்தில் இரவு வண்டிக்குச் சீட்டு எடுத்திருந்தேன். வீட்டுக்காரம்மா புளிச்சோறு கட்டிக் கொடுத்தார். அவருடைய தாத்தா காலத்தில் வட ஆர்க்காட்டுப் பக்கமிருந்து கண்டோன்மெண்டுக்கு வந்த குடும்பம். நான் இரண்டு பெரிய குப்பிகளில் தண்ணீரும் எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, “இன்னாத்துக்கு தம்பி இவ்ளோ பாரம்? சோறு கட்டிக்கினு போ. தண்ணி போற எடத்துல இருக்கும். அந்த ஊரு தண்ணியத்தான் குடிக்கணும்” என்றார்.

வண்டியில் அமர்ந்தபின் அது நினைவில் வந்தது. நம் பொதிக்கும் அதுதான் கணக்கு. டெசராக்டும் லெப்டோனிகாவும் சோறு. வழியில் கிடைக்காது, கட்டிக்கொண்டு போக வேண்டும். ஜிலிப்சி தண்ணீர், அது அந்த ஊருடையது. எந்த ஊர்த் தண்ணீருக்கும் ஒத்துக்கொள்ளும்படி சோற்றைச் சமைப்பதுதான் நம் வேலை.

மறுநாள் காலை கல்லூரி ஆய்வகத்தில் முதல் கணினியில் ஒரே கட்டளையில் பொதி நிறுவப்பட்டது. ஓடியும் காட்டியது. பேராசிரியர் என் தோளைத் தொட்டார். மாணவர்கள் மற்றக் கணினிகளுக்குப் போனார்கள். சற்று நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவர், “சார், இதில் உடனே நின்றுவிடுகிறது” என்றார். பக்கத்துக் கணினியிலும் அப்படியே. முறையற்ற கட்டளை என்று ஒரு வரி. அதோடு நிரல் முடிந்துவிடும்.

பின்வரிசைக் கணினிகள் 2011 காலத்தவை. தொகுக்கும்போது வேகத்துக்காக ஒரு விருப்பத்தைச் சேர்த்திருந்தேன்; “இந்தக் கணினியின் புராசசருக்கு எது சிறந்ததோ அப்படித் தொகு” என்பது அதன் பொருள். கொள்கலன் நூலகங்களைத்தான் பழையதாக்கிக் காட்டும், புராசசரை மறைப்பதில்லை. தொகுப்பி என் புதிய புராசசரைக் கண்டு, ஏவிஎக்ஸ் 2 என்னும் கட்டளைகளைத் தாராளமாகப் பயன்படுத்தியிருந்தது. இன்டெல் புராசசர்களில் அக்கட்டளைகள் 2013-இல்தான் வந்தன. 11 ஆண்டு பழைய நூலகத்துக்கு இடம் கொடுத்துவிட்டேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவன், ஒரே ஒரு சொல்லால் அந்தக் கணினிகளை வெளியே நிறுத்தியிருக்கிறேன்.

அந்தச் சொல்லை நீக்கி, அங்கேயே உட்கார்ந்து மறுபடி தொகுத்தேன். மற்ற அடுக்குகள் சேமிப்பில் இருந்ததால் என் பகுதி மட்டும் சில நிமிடங்களில் முடிந்தது. பின்வரிசையும் ஓடியது. சற்று மெதுவாக ஓடியது. யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

இத்துடன் முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். பிற்பகலில் ஒரு மாணவி, நான் சரிபார்ப்புக்காகக் கொடுத்திருந்த மூன்று நூல்களின் பக்கங்களை ஓட்டிவிட்டு வந்தார். “சார், மூன்றாவது நூலுக்கு உங்கள் அட்டவணையில் உள்ள எண்ணே எனக்கும் வருகிறது. முதல் இரண்டுக்கு வரவில்லை. உங்களுக்கு வந்ததைவிடப் பிழை கூடுதலாக இருக்கிறது” என்றார். நான் ஏதோ தவறாக ஓட்டியிருப்பார் என்று எண்ணி நானே ஓட்டினேன். அவர் சொன்னதே வந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க மாலையாகிவிட்டது. டெசராக்டின் தமிழ்ப் பயிற்சித் தரவு ஒன்றுக்கு மேற்பட்ட வகையில் கிடைக்கிறது. துல்லியத்துக்கு முதலிடம் தரும் வகை ஒன்று. வேகத்துக்கு முதலிடம் தரும் வகை வேறொன்று. என் நிரல் தரவைப் பொதியிலிருந்து எடுக்கவில்லை. கணினியில் எது கிடைக்கிறதோ அதை எடுத்தது. கல்லூரியில் முன்பே நிறுவியிருந்தது வேகமான வகை. என் கணினியிலோ, முதல் இரண்டு நூல்களை ஓட்டியபோது துல்லியமான வகை இருந்தது. இடையில் ஒருமுறை இயங்குதளத்தை மறுபடி நிறுவினேன். அப்போது வேகமான வகை வந்து உட்கார்ந்துவிட்டது. மூன்றாம் நூலை அதன் பிறகுதான் ஓட்டியிருக்கிறேன்.

அதாவது, ஒரே அட்டவணையில் பக்கம் பக்கமாக நின்ற எண்கள் ஒரே அளவுகோலால் அளந்தவை அல்ல. மூன்றாம் நூலில் பிழை அதிகம் இருப்பதற்கு, அந்த அச்சகத்தின் எழுத்து வார்ப்பு மங்கியது என்று ஆய்வேட்டில் ஒன்றரைப் பக்கம் விளக்கம் எழுதியிருந்தேன். அந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதை நீக்கினேன். எல்லா நூல்களையும் ஒரே தரவில் மறுபடி ஓட்டினேன். நூல்களுக்கிடையே நான் கண்ட வேறுபாட்டில் பெரும்பகுதி மறைந்துவிட்டது. ஆய்வேடு சமர்ப்பிப்பதைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. என் நெறியாளர் கோபிக்கவில்லை. “நல்லவேளை, அந்தப் பெண் கண்டுபிடித்தாள்” என்றார். ஆய்வேட்டின் நன்றியுரையில் அம்மாணவியின் பெயர் இருக்கிறது.

என் நிரல் என் கணினியில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தவரை அந்தத் தவறு வெளிப்பட வழியே இல்லை. கல்லூரிக்குப் போனபோது, அவர்களுக்கு உதவி செய்யப் போவதாகத்தான் நினைத்திருந்தேன்.

உ.வே.சா. தம் பதிப்புகளின் முகவுரையில், எந்தெந்தச் சுவடிகளைப் பார்த்தார், அவை எவரிடமிருந்து கிடைத்தன என்று எழுதிவைத்தார். அதனால்தான் அவர் கொண்ட பாடத்தை ஏற்கவும் மறுக்கவும் நமக்கு இடம் இருக்கிறது. கொள்கலனை ஆக்கும் கட்டளைக் கோப்பும் அத்தகைய முகவுரைதான். எந்த அமைப்பு, எந்த நூலகத்தின் எந்தப் பதிப்பு, எந்தத் தரவு, எந்த வரிசை என்பதெல்லாம் அதில் எழுத்தில் நிற்கின்றன. அதை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்ப்பது நம் துறைகளில் இன்னும் வழக்கமாகவில்லை. சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மாணவர்களுக்குச் சில சொற்கள். பொதியைக் கட்டும் முன்பு, அதைப் பெறுபவர்களிடம் என்ன கணினி இருக்கிறது என்று கேளுங்கள். நான் கேட்கவே இல்லை. கட்டிய பிறகு, கட்டிய கொள்கலனிலேயே சோதித்துத் திருப்தி அடையாதீர்கள். தொகுப்பியும் நூலகமும் இல்லாத வெறும் கொள்கலன் ஒன்றைத் திறந்து, அதில் நிறுவிப் பாருங்கள். முடிந்தால் பழைய கணினி ஒன்றிலும் பாருங்கள். எண்ணை மாற்றக்கூடிய தரவு எதையும் “அங்கே இருக்கும்” என்று விட்டுவிடாதீர்கள். பிறருடைய நூலகத்தைப் பொதிக்குள் எடுத்துச் சென்றால், அதன் உரிம வாசகத்தையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள்.

எந்த ஏற்பாடும் நிலையானதும் அன்று. சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-இல் முடிந்தது. அடுத்த அடித்தளம் அல்மாலினக்ஸ் 8. அதன் ஜிலிப்சி 2.28. அதற்கு மாறினால் எனக்கு வேலை குறையும். ஆனால் அந்த ஆய்வகத்துப் பிப் கருவி அந்தப் புதிய குறியைப் புரிந்துகொள்ளாது, முதலில் அதைப் புதுப்பிக்க வேண்டும். அவர்கள் கணினிகள் மாறும்வரை இரண்டு பொதிகளையும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பேராசிரியர் சொன்னபடி மே மாதம் ஓய்வு பெற்றார். 14 ஆய்வேடுகளும் அதற்கு முன்பே முடிந்தன. சென்ற மாதம் அவர் தொலைபேசியில் பேசியபோது, புதிதாக வந்த மாணவர்கள் நிரலைத் தாமே நிறுவிக்கொண்டார்கள் என்றும், அது யார் எழுதியது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது என்றும் சற்றுத் தயங்கிச் சொன்னார். நான் வருத்தப்படுவேன் என்று நினைத்திருக்கிறார். அன்று எனக்கு நல்ல உறக்கம் வந்தது.